அடைவு அழிய மறுக்கிறதா? ஆர்எம்டிர் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

ஆர்எம்டிர் என்ற சிஸ்டம் காலுக்கு (நிரல் ஒன்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புக்கு) ஒரே ஒரு வேலைதான். தாய் அடைவில் எழுதியிருக்கும் ஒரு பெயரை அது எடுத்துவிடும், அதுவும் அந்தப் பெயருக்குரிய அடைவு காலியாக இருந்தால் மட்டும். உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் கை வைக்காது, பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்கும். அப்போது பலருடைய கை தானாக, உள்ளடக்கத்தோடு எல்லாவற்றையும் கேட்காமல் அழிக்கும் ஆர்எம் -ஆர்எஃப் பக்கம் போகிறது. அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஆர்எம்டிர் மறுத்ததற்குக் காரணம் அந்த இடத்தில் ஏதோ மவுண்ட் ஆகியிருப்பது (வேறொரு வட்டோ கோப்பு முறைமையோ அங்கே பொருத்தப்பட்டிருப்பது) என்றால், ஆர்எம் -ஆர்எஃப் மவுண்டைத் தொடாமல் அதற்குள் இருக்கும் தரவை எல்லாம் துடைத்துவிடும்.

கட்டளைகளும் பிழைப் பெயர்களும் இங்கே ஒலிக்கிறபடி தமிழெழுத்தில் உள்ளன. தட்டச்சும்போது வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் போடுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அப்படியே சொல்லியிருக்கிறோம். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் பிழை எண்கள் லினக்ஸுக்கு உரியவை.

முதல் வேலை: உண்மையான பிழை எண்ணைப் பிடிப்பது

ஒரு ஸ்கிரிப்டோ இன்ஸ்டாலரோ "அழிக்க முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நிரல் செய்யும் சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸ் வழியாக ஓட்டுங்கள்:

ஸ்ட்ரேஸ் -எஃப் -இ ட்ரேஸ்=ஆர்எம்டிர்,அன்லிங்க்அட் உங்கள்_கட்டளை

இரண்டு பெயர்களையும் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆர்எம் கட்டளை அடைவுகளை அழிக்க ஆர்எம்டிரைக் கூப்பிடுவதில்லை. அன்லிங்க்அட் என்ற சிஸ்டம் காலை ஏட்_ரிமூவ்டிர் என்ற கொடியுடன் கூப்பிடுகிறது. எக்ஸ்86-64 கெர்னலில் ஆர்எம்டிருக்கு எண் 84, அன்லிங்க்அட்டுக்கு 263. 64 பிட் ஆர்ம் கெர்னலிலோ ஆர்எம்டிர் என்று தனி சிஸ்டம் காலே கிடையாது. சி லைப்ரரி அதை 35ஆம் எண்ணுள்ள அன்லிங்க்அட்டாக மாற்றி அனுப்புகிறது. அங்கே மேலுள்ள கட்டளை "அப்படி ஒரு சிஸ்டம் கால் இல்லை" என்று அடம்பிடித்தால், ஆர்எம்டிர் என்ற பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள், ஸ்ட்ரேஸ் அதைத் தாண்டிப் போய்விடும். ஒரு நிரல் எந்த சிஸ்டம் கால்களைக் கூப்பிடலாம் என்று கட்டுப்படுத்தும் செக்காம்ப் வடிகட்டி எழுதுகிறவர்கள் இடறி விழும் இடமும் இதுதான்: எக்ஸ்86இல் ஆர்எம்டிரை மட்டும் அனுமதித்துச் சோதித்த வடிகட்டி, ஆர்ம் கணினியில் முதல் அடைவிலேயே நின்றுவிடும்.

வெளியீட்டில் தேட வேண்டிய வரி இப்படி இருக்கும்:

ஆர்எம்டிர்("பழையவை") = -1 ஈநாட்எம்ப்டி

இந்தப் பெயரை வைத்தே பாதிச் சந்தேகங்களை ஒதுக்கிவிடலாம், ஏனென்றால் கெர்னல் ஒரு வரிசையில்தான் சரிபார்க்கிறது. முதலில் பாதை கிடைக்கிறதா, மவுண்டில் எழுத முடியுமா என்று பார்க்கும். பிறகு தாய் அடைவில் உங்களுக்கு உரிமை உண்டா, அதன் பிறகு இது மவுண்ட் பாயிண்டா. இவை எல்லாம் தாண்டிய பிறகுதான் கோப்பு முறைமையிடம் "காலியா?" என்று கேட்கும். ஆகவே ஈநாட்எம்ப்டி (காலியாக இல்லை) வந்துவிட்டால் உரிமைப் பிரச்சினை இல்லை என்று அப்போதே முடிவு செய்யலாம், சிஎச்மாட் 777 போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. அதே மாதிரி, ஈஆக்செஸ் (உரிமை மறுப்பு) வந்தால் உள்ளே கோப்பு இருக்கிறதா என்று தேடுவது வீண்வேலை, கெர்னல் அந்தக் கட்டத்துக்கு இன்னும் போகவே இல்லை.

அறிகுறி: "டைரக்டரி நாட் எம்ப்டி" (ஈநாட்எம்ப்டி, 39), ஆனால் எல்எஸ் ஒன்றும் காட்டவில்லை

மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே பிழைக்கு எண் 66. போசிக்ஸ் தரம் இந்த இடத்தில் ஈஎக்ஸிஸ்ட்டையும் அனுமதிக்கிறது, சொலாரிஸ் அதைத்தான் தருகிறது. பல இயங்குதளங்களில் ஓட வேண்டிய நிரல் இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும்.

முதலில் எல்எஸ் -ஏ கொடுங்கள், இந்த ஏ பெரிய எழுத்து. புள்ளியில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் தெரியும். ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் கணக்கில் வராது, ஆர்எம்டிரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலான வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்: எடிட்டர் விட்டுப்போன ஸ்வாப் கோப்பு, கிட் விட்ட மறைவு அடைவு, மேக்கின் ஃபைண்டர் போட்ட .டிஎஸ்_ஸ்டோர். இந்தக் கடைசிக் கோப்பை அழித்துவிட்டு ஃபைண்டர் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தால் அது மறுபடி முளைக்கக்கூடும். ஜன்னலை மூடிவிட்டு அழியுங்கள்.

*.என்எஃப்எஸ் என்று தொடங்கி நீளமான எண்கோவையோடு ஒரு கோப்பு இருந்தால்.* அடைவு என்எஃப்எஸ் மவுண்டில், அதாவது வலையமைப்பு வழியாக வேறொரு சர்வர் பகிரும் இடத்தில் இருக்கிறது என்று பொருள். யாரோ திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் அழித்திருக்கிறீர்கள். உள்ளூர்க் கோப்பு முறைமையில் பெயர் போய்விடும், தரவு மட்டும் திறந்திருக்கும்வரை உயிரோடு இருக்கும். என்எஃப்எஸ்ஸில் சர்வருக்கு யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு கிளையண்டுக்குத் தேவையான விதத்தில் இல்லாததால், கிளையண்ட் அந்தக் கோப்பை அழிக்காமல் இப்படி ஒரு பெயருக்கு மாற்றி வைக்கிறது. திறந்திருப்பவர் மூடியதும் தானே அழித்துவிடும். அதற்குள் நீங்கள் அதை ஆர்எம் செய்தால், அதே கணினியில் "பிஸி" என்ற பதில்தான் வரும்.

செய்ய வேண்டியது: அதே கிளையண்ட் கணினியில் எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு அந்த .என்எஃப்எஸ் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, பிடித்திருக்கும் ப்ராசஸைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள். கோப்பு மறையும், அடைவு அழியும். எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் காட்டவில்லையா? பிடித்திருப்பவர் வேறொரு கிளையண்டில் இருக்கலாம். அங்கே போய்த் தேடுங்கள். இங்கிருந்தே வலுக்கட்டாயமாக அழித்தால் அழிந்துவிடும், ஆனால் அந்தக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அடுத்த முறை கோப்பைப் படிக்கும்போது "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" என்று 116ஆம் எண் பிழை கிடைக்கும். அந்தக் கிளையண்ட் எப்போதோ மின்சாரம் போய் அணைந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கையால் அழியுங்கள்.

*ஆர்எம் -ஆர்எஃப் கூட "காலியாக இல்லை" என்கிறது, மறுபடி ஓட்டினால் சில சமயம் அழிகிறது.* வேறொரு ப்ராசஸ் அதே நேரத்தில் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறது. ஆர்எம் பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாக அழித்து முடித்து, கடைசியில் அடைவை அழிக்கப் போவதற்குள் புதுக் கோப்பு ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. இனோட்டிஃபைவெய்ட் -எம் -இ கிரியேட் என்று போட்டு அடைவின் பெயரைக் கொடுங்கள். எந்தப் பெயரில் கோப்பு முளைக்கிறது என்று கண்முன்னே தெரியும், பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் ஆளும் பிடிபடும்: லாக் எழுதும் டீமன், பின்னணியில் ஓடும் பில்ட், எடிட்டர் கிளப்பிவிட்ட லாங்குவேஜ் சர்வர். எழுதுகிறவரை நிறுத்திவிட்டு அழிப்பதுதான் சரியான வழி. நிறுத்த முடியாத சூழ்நிலையில், அடைவை முதலில் எம்வி கொண்டு அதே கோப்பு முறைமைக்குள் வேறு பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு அழியுங்கள். முழுப் பாதையைச் சொல்லி எழுதுகிற நிரல் அதன்பின் உள்ளே வர முடியாது. ஆனால் அந்த அடைவையே நடப்பு அடைவாக வைத்திருக்கும் நிரல் பெயர் மாறினாலும் தொடர்ந்து எழுதும், அதற்கு இந்த வித்தை பலிக்காது.

*அன்மவுண்ட் செய்த பிறகு இந்தப் பிழை.* மவுண்ட் ஆகும் முன்பே அந்த அடைவில் ஏதாவது இருந்திருந்தால், மவுண்ட் அதை மூடி மறைத்திருக்கும். விலக்கியதும் பழையது வெளியே வருகிறது. பெரும்பாலும், மவுண்ட் தவறிப்போன ஒருநாள் பேக்கப் ஸ்கிரிப்ட் நேராக மூல வட்டிலேயே எழுதிவைத்த கோப்புகளாக இருக்கும். அழிக்கும் முன் தேதியைப் பாருங்கள். அந்த ஒரு நாளின் பேக்கப் இங்கே மட்டுமே இருக்கலாம்.

*எல்எஸ் -ஏ நிஜமாகவே காலி, எழுதுகிறவரும் யாருமில்லை.* அப்போதுதான் கோப்பு முறைமை கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டில் இஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் பெயரில் பிழை வரிகள் உண்டா என்று பாருங்கள். "ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்" என்ற 117ஆம் எண் கூடவே வந்தால் ஐயமே வேண்டாம். முதலில் தரவை நகலெடுங்கள். பிறகு அன்மவுண்ட் செய்து, இஎக்ஸ்டி4 என்றால் இ2எஃப்எஸ்சிகே -எஃப், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர். மவுண்ட் ஆன நிலையில் இவற்றை ஓட்டவே கூடாது.

ஓர் எச்சரிக்கை. அடைவு காலியா என்று ஸ்டாட் காட்டும் அளவையோ இணைப்பு எண்ணிக்கையையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். இஎக்ஸ்டி4இல் லட்சக்கணக்கான கோப்புகளை வைத்திருந்த அடைவு, எல்லாம் அழிந்த பிறகும் பழைய பெரிய அளவையே காட்டும், சுருங்காது. இணைப்பு எண்ணிக்கை துணை அடைவுகளை மட்டும்தான் எண்ணுகிறது, கோப்புகளை எண்ணாது. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அடைவுக்கு அது எப்போதும் 1தான்.

அறிகுறி: "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" (ஈபிஸி, 16)

யாரோ ஷெல்லில் அந்த அடைவுக்குள் உட்கார்ந்திருப்பதால் இப்படி வருகிறது என்று நினைத்துப் பலர் ப்ராசஸ் வேட்டையில் இறங்குகிறார்கள். லினக்ஸில் அது காரணமே அல்ல. ஒரு ப்ராசஸின் நடப்பு அடைவாக இருந்தாலும் லினக்ஸ் அழித்துவிடும். லினக்ஸில் இந்தப் பிழை வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது மவுண்ட் பாயிண்டா?

ஃபைண்ட்எம்என்டி கட்டளைக்கு அடைவின் பாதையைக் கொடுங்கள். ஏதாவது வரி வந்தால் மவுண்ட் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு மவுண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருப்பதும் உண்டு. ஒருமுறை யுமவுண்ட் செய்தும் பிழை தொடர்ந்தால் மறுபடி ஃபைண்ட்எம்என்டி போட்டுப் பாருங்கள். யுமவுண்டே "பிஸி" என்றால் ஃபியூசர் -விஎம் கொண்டு யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கலாம். இந்த -எம் கொடிக்கு ஒரு ஆபத்தான குணம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த பாதை மவுண்ட் பாயிண்டாக இல்லாவிட்டால், அந்தப் பாதை இருக்கும் முழுக் கோப்பு முறைமையையும் பயன்படுத்தும் எல்லா ப்ராசஸ்களையும் அது எடுத்துக்கொள்ளும். அதோடு -கே சேர்த்தால் எல்லாவற்றையும் கொன்றுவிடும். -கே இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பட்டியலைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

பைண்ட் மவுண்ட் (ஓர் அடைவை இன்னோரிடத்திலும் தெரியவைப்பது) விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆர்எம் கட்டளைக்கு --ஒன்-ஃபைல்-சிஸ்டம் கொடுத்தால் மவுண்டுக்குள் இறங்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்தக் கொடி சாதன எண்ணை மட்டுமே ஒப்பிடுகிறது. அதே வட்டில் இருக்கும் ஓர் அடைவை இன்னோரிடத்தில் பைண்ட் செய்திருந்தால் இரண்டுக்கும் சாதன எண் ஒன்றுதான், ஆர்எம் தயங்காமல் உள்ளே இறங்கி மூலத்தில் இருப்பதை அழிக்கும். ஃபைண்டின் -எக்ஸ்டெவ்வுக்கும் இதே ஓட்டை உண்டு. சிஎச்ரூட் (ஓர் அடைவையே வேராகக் காட்டும்) சூழல்களில் ஹோம் அடைவைப் பைண்ட் செய்து வைத்திருப்பவர்கள், சிஎச்ரூட்டை அழிக்கும் முன் ஃபைண்ட்எம்என்டி கொண்டு அந்தப் பாதைக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

கன்டெய்னருக்குள் (தனித்து ஓடவைத்த சூழலுக்குள்) வரும் ஈபிஸி வேறு வகை. வால்யூமாக ஏற்றிய அடைவையே உள்ளிருந்து அழிக்கப் பார்த்தால் அது மவுண்ட் பாயிண்ட் என்பதால் மறுப்பு வரும். நோட்_மாட்யூல்ஸை வால்யூமாக வைத்திருக்கும் திட்டங்களில் தினமும் நடப்பது இது. அடைவை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் அழியுங்கள்: ஃபைண்ட் பாதை -மின்டெப்த் 1 -டிலீட்.

மவுண்ட் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் பிஸி என்கிறது, கெர்னல் பழையது என்றால், வேறொரு மவுண்ட் நேம்ஸ்பேஸில் (வேறு சில ப்ராசஸ்கள் தனியாகப் பார்க்கும் மவுண்ட் பட்டியலில்) அந்த இடம் மவுண்ட் பாயிண்டாக இருக்கலாம். 3.18க்கு முந்தைய கெர்னல்கள் அதையும் காரணமாகக் காட்டி மறுத்தன. /ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணுக்குக் கீழும் உள்ள மவுண்ட்இன்ஃபோ கோப்புகளில் அடைவின் பெயரை கிரெப் செய்தால் எந்த ப்ராசஸின் நேம்ஸ்பேஸ் பிடித்திருக்கிறது என்று கிடைக்கும். ரெட்ஹேட் 7 வரிசையின் 3.10 கெர்னலில் டாக்கர் அடைவுகள் அழியாமல் நின்றது இதனால்தான். 7.4இலிருந்து எஃப்எஸ்.மே_டிடாச்_மவுண்ட்ஸ் என்ற சிஸ்கன்ட்ரோலை 1 ஆக்கினால் விட்டுக்கொடுக்கும்.

ஃபியூஸ் வகை (கெர்னலுக்கு வெளியே ஒரு சாதாரண நிரல் நடத்தும்) மவுண்டின் பின்னாலிருக்கும் நிரல் செத்துப்போனால் "டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்" என்று 107ஆம் எண் வரும். ஃப்யூசர்மவுண்ட் -யு போட்டு விலக்கிவிட்டு அழியுங்கள். இந்தக் கட்டளையையும் மேலே சொன்ன ஃபியூசரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: "பெர்மிஷன் டினைடு" (ஈஆக்செஸ், 13)

அழிக்கப்போகும் அடைவின் உரிமை பிட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. பெயர் எழுதியிருப்பது தாய் அடைவில். எனவே எழுதும் உரிமையும் நுழையும் உரிமையும் தாய் அடைவில்தான் வேண்டும். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு அடைவிலும் நுழையும் உரிமை போதும். காலியான அடைவுக்கு 000 என்று உரிமை இருந்தாலும் ஆர்எம்டிர் அதை அழிக்கும். நேம்ஐ -எல் கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு படிக்கும் உரிமையும் உரிமையாளரும் வரிசையாக வரும், எந்தப் படியில் நுழையும் உரிமையான எக்ஸ் விடுபட்டிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) இருந்தும் இந்தப் பிழை வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். என்எஃப்எஸ் மவுண்ட் என்றால், சர்வர் ரூட் ஸ்குவாஷ் வழியாக உங்களைப் பெயரற்ற பயனராக மாற்றியிருக்கும். அடைவின் உரிமையாளராக மாறி அழியுங்கள், அல்லது சர்வரிலிருந்தே அழியுங்கள். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு ஓடும் கணினி என்றால் ஆசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட் போட்டு, மறுக்கப்பட்ட செயல்களில் ஆர்எம்டிர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ரூட் இல்லாமல் பாட்மேன் என்ற கன்டெய்னர் கருவியை ஓட்டுகிறவர்களுக்கு, சொந்த ஹோமுக்குள்ளேயே லட்சத்துக்கு மேற்பட்ட பயனர் எண்ணுக்குச் சொந்தமான அடைவுகள் கிடக்கும். கன்டெய்னருக்குள் வேறு பயனராகத் தெரிந்தவர் வெளியே அந்த எண்ணாகத் தெரிகிறார். சூடோ தேவையில்லை. பாட்மேன் அன்ஷேர் என்று முன்னால் சேர்த்து அழிப்புக் கட்டளையை ஓட்டினால், அந்த எண்கள் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

அறிகுறி: "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" (ஈபெர்ம், 1)

முந்தைய பிழையின் மறுபெயர் என்று இதை நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு. இங்கே உரிமை பிட்டுகள் தாண்டிவிட்டன, அதற்கும் மேலான ஒரு விதி தடுக்கிறது.

தாய் அடைவின் உரிமைப் பட்டியல் கடைசியில் டி என்று முடிகிறதா? அது ஸ்டிக்கி பிட். /டிஎம்பி அடைவு 1777 என்று இருப்பது இதற்காகத்தான்: யாரும் எழுதலாம், ஆனால் அடைவின் உரிமையாளரோ தாய் அடைவின் உரிமையாளரோ ரூட்டோதான் அழிக்கலாம்.

ரூட்டுக்கே மறுப்பு வந்தால் எல்எஸ்ஆட்டர் -டி போட்டு அடைவையும் தாய் அடைவையும் இரண்டையும் பாருங்கள். ஐ என்ற எழுத்து இருந்தால் மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறது. ஏ இருந்தால் சேர்க்க மட்டுமே அனுமதி. சிஎச்ஆட்டர் -ஐ அல்லது -ஏ கொண்டு நீக்கலாம். நீக்கும் முன் யார் ஏன் பூட்டினார்கள் என்று விசாரியுங்கள், இந்தக் கொடி தானாக விழுவதில்லை.

பிடிஆர்எஃப்எஸ் துணைத்தொகுதியும் பார்வைக்குச் சாதாரண அடைவு போலவே இருக்கும். ஸ்டாட் கொடுத்து ஐனோட் எண் (கோப்பு முறைமை ஒவ்வொன்றுக்கும் தரும் உள் எண்) 256 என்று வந்தால் அது துணைத்தொகுதியின் வேர். 4.18க்கு முந்தைய கெர்னல்களில் ஆர்எம்டிர் அதைத் தொடாது. அதற்குப் பிந்தையவற்றில் காலியாக இருந்தால் அழிக்கும். எந்தக் கெர்னலிலும் நேர்வழி பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் டிலீட்.

ப்ராசஸ்களைக் குழுவாக்கிக் கட்டுப்படுத்த கெர்னல் தரும் சிகுரூப் அடைவுகளில் எல்லாமே தலைகீழ். எல்எஸ் போட்டால் உள்ளே இருபது முப்பது கோப்புகள் தெரியும். ஆர்எம் -ஆர்எஃப் ஓட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் ஈபெர்ம் வந்து திரை நிறையும். ஆர்எம்டிர் மட்டும் கொடுத்தால் ஒரு நொடியில் போய்விடும். அந்தக் கோப்புகள் கெர்னல் காட்டும் முகப்புகள்தான், அவை உள்ளடக்கமாகக் கணக்கில் வருவதில்லை. துணை சிகுரூப்போ உயிருள்ள ப்ராசஸோ இருந்தால் மட்டும் ஈபிஸி வரும். சிகுரூப்.ப்ராக்ஸ் கோப்பைக் கேட் செய்தால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். இரண்டாம் பதிப்பில் 5.14 கெர்னலிலிருந்து சிகுரூப்.கில் கோப்பில் 1 என்று எழுதினால் உள்ளே இருப்பவர்கள் அனைவரையும் முடித்துவிடும். துணைக் குழுக்கள் இருந்தால் ஆழத்திலிருந்து மேலே வரவேண்டும்: ஃபைண்ட் -டெப்த் -டைப் டி, ஒவ்வொன்றுக்கும் ஆர்எம்டிர்.

அறிகுறி: "நாட் எ டைரக்டரி" (20), "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்" (22)

இருபது வந்தால் பெரும்பாலும் அது சிம்லிங்க், அதாவது வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பு. ஆர்எம்டிர் சிம்லிங்கைப் பின்தொடராது, பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டாலும் லினக்ஸ் பின்தொடராது. இணைப்பை மட்டும் அழிக்க, சாய்கோடு இல்லாமல் ஆர்எம். இருபத்திரண்டு வந்தால் பாதையின் கடைசியில் ஒற்றைப் புள்ளி இருக்கிறது. ஒரு படி மேலே போய்ப் பெயர் சொல்லி அழியுங்கள்.

அறிகுறி: எல்எஸ் காட்டுகிறது, ஆர்எம்டிர் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" (ஈநோஎன்ட், 2) என்கிறது

தமிழில் அடைவுப் பெயர் வைப்பவர்களை இது பாடாய்ப் படுத்தும். "கொடி" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவோ. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. கெர்னலுக்கு எழுத்து தெரியாது, பைட்டுகள்தான் தெரியும். சூழல் மாறி எல்சி_ஆல் (முழுதும் பெரிய எழுத்து) என்பதற்குப் பெரிய எழுத்து சி என்று மதிப்பு வைத்து எல்எஸ் -பி ஓட்டினால், பெயர் எண்ம வடிவில் வெளிவரும். ஒகரக் குறி ஒரே குறியாக இருந்தால் இப்படி:

\340\257\212

பிரிந்திருந்தால் இப்படி:

\340\257\206\340\256\276

முதலாவது மூன்று பைட், இரண்டாவது ஆறு. நீங்கள் விசைப்பலகையில் தட்டுவது ஒரு வகை, வட்டில் இருப்பது இன்னொரு வகை என்றால் கெர்னல் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்றுதான் சொல்லும். பொய் சொல்லவில்லை. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே வைக்கும் என்பதால், அங்கிருந்து ஜிப்பாக வந்த அடைவுகளில் இது அடிக்கடி நேரும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே சிக்கல் உண்டு.

தீர்வு எளிது. எல்எஸ் -ஐ கொடுத்து ஐனோட் எண்ணை எடுங்கள். 131077 என்று வந்தால்:

ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -இனம் 131077 -டைப் டி -டிலீட்

ஃபைண்டின் -டிலீட்டும் அடைவுக்கு ஆர்எம்டிரின் விதிப்படிதான் நடக்கிறது, காலியாக இல்லாவிட்டால் அழிக்காது. இதற்கு முன்னால் -மேக்ஸ்டெப்த் 1 இருப்பதால் உள்ளே இறங்கவும் செய்யாது. பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோ வரிமுறிவோ ஒட்டியிருந்தாலும் இதே வழி உதவும்.

அறிகுறி: "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" (ஈஆர்ஓஎஃப்எஸ், 30)

நேற்றுவரை எழுத முடிந்த வட்டு இன்று இப்படிச் சொன்னால், ரீமவுண்ட் செய்து எழுதவைக்க அவசரப்படாதீர்கள். பிழை கண்டவுடன் கெர்னல் தானாகவே படிக்க மட்டும் என்று மாற்றியிருக்கலாம், டிமெசேஜில் காரணம் இருக்கும். வட்டு செத்துக்கொண்டிருந்தால் அதில் எழுதும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கெடும். முதலில் நகல்.

ஷெல்லில் அழிகிறது, பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக ஓடும்போது மட்டும் இந்தப் பிழை வருகிறது என்றால் வட்டில் கோளாறில்லை. சேவைக் கோப்பில் ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட் (ப்ரொடெக்ட், சிஸ்டம் இரண்டின் முதலெழுத்தும் பெரியது) இருக்கும், அது அந்தச் சேவைக்கு மட்டும் முழு மரத்தையும் படிக்க மட்டும் என்று காட்டுகிறது. ரீட்ரைட்பாத்ஸ் (ரீட், ரைட், பாத்ஸ் மூன்றின் முதலெழுத்தும் பெரியது) வரியில் தாய் அடைவைச் சேருங்கள். அழிக்கவேண்டிய அடைவை மட்டும் சேர்த்தால் போதாது, பெயர் எடுபடுவது தாய் அடைவிலிருந்து.

அறிகுறி: அழிந்துவிட்டது, ஆனால் ஷெல் குழம்புகிறது

நடப்பு அடைவை வேறு யாரோ அழித்துவிட்டால், ஷெல் அழிந்த ஐனோடிலேயே நிற்கும். கோப்பு உருவாக்கினால் ஈநோஎன்ட், பல நிரல்கள் "கெட்சிடபிள்யூடி" என்ற சொல்லோடு ஒரு புலம்பலைக் காட்டும். அதே பெயரில் அடைவை மறுபடி உருவாக்கினாலும் சரியாகாது, அது புது ஐனோட். வெளியே சிடி செய்து திரும்ப நுழையுங்கள். சேவை ஒன்று இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று அறிய, /ப்ராக் கீழ் அதன் எண்ணுக்குரிய சிடபிள்யூடி இணைப்பை எல்எஸ் -எல் செய்யுங்கள். கடைசியில் "டிலீட்டட்" என்றிருந்தால் மறுதொடக்கம்தான் வழி. விண்டோஸ் இங்கே நேர்மாறு: ஒரு ப்ராசஸ் உள்ளே நின்றால் ரிமூவ்டைரக்டரி 32 என்ற பகிர்வுப் பிழையோடு மறுக்கும். காலியாக இல்லாவிட்டால் அங்கே எண் 145.

நிரலுக்குள் கூப்பிடும்போது

"முதலில் காலியா என்று பார், காலியென்றால் அழி" என்று இரண்டு படியாக எழுதாதீர்கள். இரண்டு படிக்கும் நடுவில் கோப்பு வந்துவிடலாம். நேராக ஆர்எம்டிரைக் கூப்பிடுங்கள், ஈநாட்எம்ப்டி வந்தால் காலியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதையும் அழிப்பதையும் கெர்னல் ஒரே மூச்சில் செய்துகொடுக்கிறது. இந்த வசதி இலவசமாக வந்ததல்ல. 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஆர்எம்டிர் என்பது ரூட் உரிமையோடு ஓடும் சாதாரண நிரல். இரட்டைப் புள்ளி, ஒற்றைப் புள்ளி, பெயர் என்று மூன்று தனித்தனி அன்லிங்க்குகளால் அது அடைவை அழித்தது. நடுவில் நின்றுபோனால் அரைகுறை அடைவுதான் மிஞ்சும். 1983இல் 4.2பிஎஸ்டி அதைக் கெர்னலுக்குள் ஒரே அழைப்பாகக் கொண்டுவந்தது.

தற்காலிக அடைவுகளைப் பல ப்ராசஸ்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரலில், கடைசியாக வெளியேறுபவர் யார் என்று எண்ண ஒரு பூட்டும் வேண்டாம். ஒவ்வொருவரும் தன் கோப்பை அழித்துவிட்டு ஆர்எம்டிரை ஒருமுறை கூப்பிடட்டும். ஈநாட்எம்ப்டியையும் ஈநோஎன்ட்டையும் வெற்றியாகவே கருதுங்கள்: முதலாவது இன்னும் ஆள் இருக்கிறார் என்கிறது, இரண்டாவது வேறொருவர் முந்திக்கொண்டார் என்கிறது. புதிதாக உள்ளே வருபவர் மட்டும், கோப்பை உருவாக்கும்போது ஈநோஎன்ட் வந்தால் அடைவை உருவாக்கும் எம்கேடிரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மற்ற எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிடாதீர்கள், எண்ணையும் முழுப் பாதையையும் லாக்கில் எழுதுங்கள்.